கடைமடைப் பதிவேடு

காலையில் நான் தலை பின்னும்போதே
லஸ்கர் பக்கிரிசாமி போன் செய்துவிடுவார்.
நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் எத்தனை அடி,
கோரையாற்றில் எத்தனை, முள்ளியாற்றில் எத்தனை.
எழுதிக்கொள்வேன்.
திருத்துறைப்பூண்டிப் பாசனப் பிரிவு அலுவலகம்,
கீழ்த்தளம், ஜெராக்ஸ் மிஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவே
என் மேசை.
கழிப்பறைக் கதவு
என் சக்கர நாற்காலியைவிட இரண்டு விரற்கடை குறைவு.
அதனால் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை,
நாளெல்லாம் தண்ணீரை எழுதுகிறவள்.

வாசலில் சாய்தளம் உண்டு.
ஆய்வுக்கு வந்தவர்கள் படம் எடுத்துப் போனார்கள்.
மறுநாளிலிருந்து அதில் ஏ.இ.யின் புல்லட் நிற்கிறது.
என் சான்றிதழில் முன்பு வேறு சொல் இருந்தது,
இப்போது நல்ல சொல்.
சொல்லை இடித்துக் கட்டியவர்கள்
படியைத் தொடவில்லை.

மாடியில் மாதம் ஒரு கூட்டம். பதினேழு படி.
படி என்றால் நெல் அளப்பது, படி என்றால் நகல்,
படி படி என்று அப்பா என்னைக் கெஞ்சியதும் அதே சொல்.
இந்தக் கட்டடத்தில் மட்டும் அதற்கு ஒரே பொருள்.
பதிவேடு ராயப்பன் கக்கத்தில் மேலே போகும்.
நான் கீழே.
தளத்தின் வழியாக இறங்கி வரும் குரல்:
'கடைமடைக்குத் தண்ணி வரலை சார்.'
யாரோ மேசையைத் தட்டுவார்.

ஒன்று கவனித்திருக்கிறேன்.
தண்ணீர் எட்டாத வயலைப் பார்த்து
அந்த வயலுக்கு ஊனம் என்று ஒருவரும் சொன்னதில்லை.
ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்பார்கள்,
தூர் வாரவே இல்லை என்பார்கள்,
தலைமடைக்காரன் மோட்டார் வைத்து இழுக்கிறான்,
ஷட்டர் துரு.
வாய்க்காலைத்தான் விசாரிப்பார்கள்,
வயலை அல்ல.
கீழே உட்கார்ந்து கேட்க
ஒரு மாதிரி பொறாமையாக இருக்கும்.
வயல்மேல். சிரிக்காதீர்கள்.

எங்கள் தெருவுக்கு மயானப் பாதை கிடையாது.
அப்பாவை வரப்பில்தான் கொண்டுபோனார்கள்.
ஒன்றரை அடி வரப்பு,
பாடையோடு நாலு பேர் ஒருக்களித்து நடக்க
நட்ட வயலில் கால் படுகிறதா என்று
மேட்டில் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
தெருமுனைக்கு மேல் என் நாற்காலி போகவில்லை.
நடக்கிறவர்களுக்கும் அங்கே வழி இல்லை என்று
அன்றுதான் உற்றுப் பார்த்தேன்.

இந்தப் புரட்டாசிக் கூட்டத்தில்
ஒரு எண் யாருக்கும் புரியவில்லையாம்.
'நீங்களே வந்து சொல்லணுமாம்க்கா,
ரெண்டு பேரா நாற்காலியோட தூக்கிடறோம்.'
ராயப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.
நல்ல பையன்தான்.
சாமியைத் தூக்குகிறோம். நெல் மூட்டையை.
அப்பாவைத் தூக்கினார்கள்.
கணக்குச் சொல்ல ஒருத்தியை எதற்குத் தூக்க வேண்டும்?
பதிவேட்டை மடியில் வைத்து
இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டேன்.
'இது இங்கேதான் இருக்கும்.
இறங்குறது சுலபம்னு சொல்லு.'

மேலே கொஞ்சநேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு நாற்காலிகள் இழுபட்டன.

முதலில் ஜாம்பவானோடை தில்லைவளவன்,
கையில் காய்ந்த நாற்றுமுடி.
பின்னால் ஒவ்வொருவராகப் பதினோரு பேர்.
கடைசியில் ஏ.இ., கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து.
அவருக்கு முட்டி தேய்ந்திருப்பது
அன்றுவரை எனக்குத் தெரியாது.
ஒருவர் ஜெராக்ஸ் மிஷின்மேல் சாய்ந்தார்.
கழிப்பறை நாற்றத்துக்கு இன்னொருவர் துண்டால் மூக்கைப் பொத்தினார்.
விரலை வைத்துக் காட்டினேன்:
திறந்தது எழுநூறு கனஅடி,
வந்து சேர்ந்தது இருநூற்றுப் பத்து,
நடுவே காணாமல் போனது இந்த இடத்தில்.
எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.
வெகுநேரம் ஆனது.
அந்த இடத்தில்
நாற்காலி என்னிடம் மட்டும்தான் இருந்தது.